தேறாத எலுமிச்சைக் கன்று: எங்கே பார்ப்பது, என்ன செய்வது

நட்டு ஒன்றரை வருடம் ஆகியும் இடுப்பைத் தாண்டாமல், மஞ்சளித்த இலையும் காய்ந்த நுனியுமாக நிற்கும் எலுமிச்சைக் கன்று ஏறக்குறைய எல்லாத் தெருவிலும் ஒன்று உண்டு. அதைப் பார்த்ததும் செய்வது என்னவோ ஒன்றுதான்: ஒரு கைப்பிடி டி.ஏ.பி., கொஞ்சம் யூரியா, அதற்கும் கேட்கவில்லை என்றால் கடைக்காரர் கொடுக்கும் ஏதாவதொரு டானிக். பல கன்றுகள் சாவது இதனால்தான். வேர் அழுகியோ மூச்சு முட்டியோ கிடக்கும்போது மண்ணில் உப்பு உரம் சேர்ந்தால், வேருக்குப் போக வேண்டிய தண்ணீரை அந்த உப்பே பிடித்து வைத்துக்கொள்ளும். மிச்சமிருந்த சொற்ப வேரும் கருகும்.

அதனால் உரம் கடைசி. முதலில் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள், அடுத்து அடித்தண்டு, அடுத்து மண்ணும் தண்ணீரும், அதற்குப் பிறகு இலை. இந்த வரிசையில் போனால் பாதி வழியிலேயே காரணம் அகப்பட்டுவிடும். நாரத்தை, சாத்துக்குடிக் கன்றுகளுக்கும் கீழே சொல்வது பெரும்பாலும் பொருந்தும். மா, கொய்யா வைத்திருப்பவர்கள் வேரையும் தண்ணீரையும் பற்றிய பகுதிகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

உயிர் எதுவரை இருக்கிறது

நுனிக் கிளையில் கட்டைவிரல் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். அடியில் ஈரப் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து இருந்தால் அங்கே இல்லை. அப்படியே ஒரு சாண் கீழே இறங்கி மறுபடி சுரண்டுங்கள். பச்சை தொடங்கும் இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே, ஒரு கணுவுக்குச் சற்று மேலே, கூர்மையான கத்தரியால் வெட்டிவிடலாம். காய்ந்த குச்சியை விட்டுவைத்தால் பூஞ்சணம் அதன் வழியாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். வெட்டுவதற்கு முன் கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுக்கன்றாக இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒட்டுக்கு மேலே எல்லாம் காய்ந்து, கீழே மட்டும் பச்சை இருந்தால் நீங்கள் வாங்கிய எலுமிச்சை போய்விட்டது. அடியிலிருந்து செழிப்பாக ஒரு துளிர் வந்தாலும் அது வேர்ச்செடியின், அதாவது எலுமிச்சையை ஒட்டுக் கட்டிய அடிச்செடியின் துளிர். வளர்ந்தால் முள்ளும் வேறொரு காயும்தான் கிடைக்கும். அந்தக் கன்றுக்கு மேற்கொண்டு செலவு செய்ய வேண்டாம்.

தமிழ்நாட்டில் விற்கும் நாட்டு எலுமிச்சைக் கன்றுகளில் பல ஒட்டே இல்லாத விதைக்கன்றுகள் அல்லது பதியன்கள். எலுமிச்சையில் ஒரு விதைக்குள் பல கருக்கள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை தாயின் அச்சாகவே வரும். அதனால் விதைக்கன்று என்பது குறை ஒன்றுமில்லை, காய்ப்புக்கு வருவதற்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். ஒட்டா இல்லையா என்று தெரிய, அடித்தண்டில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் சிறு வளைவோ முடிச்சோ பட்டை நிறம் மாறும் இடமோ இருக்கிறதா என்று பாருங்கள்.

அடித்தண்டு

தரையோடு சேரும் இடத்தில் மண்ணைக் கையால் விலக்குங்கள். மண்வெட்டி வேண்டாம், பட்டை கிழியும். தண்டு அகன்று முதல் வேர்கள் பிரியும் இடம் தரை மட்டத்திலேயே தெரிய வேண்டும். ஐந்தாறு சென்டிமீட்டர் தோண்டியும் அது வரவில்லை என்றால் கன்று ஆழமாக நடப்பட்டிருக்கிறது. தண்டுப் பட்டை மண்ணுக்குள் ஈரத்தில் ஊறிக் கிடப்பதற்கானதில்லை. பைட்டோப்தோரா என்ற நோய்க்கிருமி உள்ளே நுழைவது அந்த வழியாகத்தான். ஒட்டுக்கன்றில் ஒட்டு மண்ணிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் மேலே இருக்க வேண்டும்.

கொஞ்சம் ஆழமாகப் போயிருந்தால் கன்றைத் தோண்டி எடுக்கத் தேவையில்லை. தண்டைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மண்ணை எடுத்து, வேர்கள் பிரியும் அந்த வேர்க்கழுத்தைத் திறந்துவிட்டால் போதும். ஆனால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கினால் முன்பைவிட மோசம். ஒரு பக்கம் சரிவாக வெட்டி வடிகால் கொடுங்கள்.

பட்டையில் தேன் நிறத்தில் பிசின் வடிந்திருந்தாலோ, அழுத்தினால் பட்டை மெத்தென்று உள்வாங்கினாலோ அழுகல் தொடங்கிவிட்டது. கெட்ட பட்டையைக் கத்தி முனையால் சுரண்டி எடுத்து, சுற்றிலும் நல்ல பட்டை ஒரு விரற்கடை தெரியும்வரை போங்கள். பிறகு போர்டோ பசை தடவ வேண்டும். ஒரு கன்றுக்கு 10 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 10 கிராம் சுண்ணாம்பு, 100 மில்லி தண்ணீர் போதும். இரண்டையும் தனித்தனி பிளாஸ்டிக் டப்பாவில் 50 மில்லியில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். இரும்பு, தகரப் பாத்திரம் கூடாது. பழைய இரும்புக் கத்தி ஒன்றை ஒரு நிமிடம் அதில் வைத்து எடுத்தால் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் சிட்டிகை சுண்ணாம்பு சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் பசை பட்டையைச் சுடும். அன்றைக்குக் கலக்கியதை அன்றைக்கே தடவிவிடுங்கள், மறுநாளைக்கு ஆகாது. பட்டை தண்டைச் சுற்றிப் பாதிக்கு மேல் செத்திருந்தால் கன்று தேறுவது அரிது. முழு வட்டமும் செத்திருந்தால் கதை முடிந்தது.

அடித்தண்டிலேயே இன்னும் இரண்டு இருக்கிறது. ஒட்டுக் கட்டிய பிளாஸ்டிக் நாடாவை யாரும் பிரித்திருக்க மாட்டார்கள். தண்டு பருக்கப் பருக்க அது சதையை அறுத்து உள்ளே போயிருக்கும். குச்சியோடு சேர்த்துக் கட்டிய நைலான் கயிறும் இதையே செய்யும். கட்டுக்கு மேலே தண்டு வீங்கி, கீழே மெலிந்திருந்தால் இதுதான் நோய். பிளேடால் நெடுக்காகக் கீறி நாடாவை எடுத்துவிடுங்கள். அடுத்தது, ஒட்டுக்குக் கீழே வரும் துளிர்கள். இளசாக இருக்கும்போதே கையால் பிய்த்துவிட வேண்டும். கத்தரியால் வெட்டினால் அடிமொட்டு மிஞ்சி, வெட்டிய இடத்தில் நான்காக வரும்.

மண்ணும் தண்ணீரும்

தேறாத கன்றுகளில் பெரும்பாலானவற்றின் கோளாறு இங்கேதான் இருக்கும். கடைசியாகத்தான் இதைப் பார்ப்பார்கள்.

கன்றிலிருந்து முக்கால் மீட்டர் தள்ளி ஓர் அடி ஆழத்துக்குக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி ஒரு குச்சியில் அடையாளம் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் 2 முதல் 5 சென்டிமீட்டர் இறங்கினால் நல்ல மண். ஒரு சென்டிமீட்டர்கூட இறங்கவில்லை என்றால் அந்த இடத்தில் எலுமிச்சை குழிக்குள் வாழாது. தரைக்கு மேல் ஓர் அடி, ஒன்றரை அடி மேடு கட்டி அதன் மேல்தான் நட வேண்டும். வீடு கட்டும்போது லாரி ஓடி இறுகிய மனைகளில், மேலே அரை அடி செம்மண் கொட்டியிருந்தாலும் அடியில் சிமெண்டுத் தரைபோல் கிடக்கும். மேல்மண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது.

தண்ணீர் அதிகமான கன்றும் தண்ணீர் போதாத கன்றும் பார்வைக்கு ஒன்றாகவே வாடும். வித்தியாசம் மண்ணில்தான். இலை துவண்டிருக்கும்போது நடுவிரலை முழுக்க மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். மண் காய்ந்திருந்தால் தாகம். மண் ஈரமாக, லேசான புளித்த வாடையோடு இருந்தால் வேர் அழுகுகிறது. அதைத் தெரியாமல் ‘வாடுகிறதே’ என்று இன்னொரு வாளி ஊற்றுவதுதான் அன்றாடம் நடப்பது.

இலை நிறைந்த இடுப்பளவுக் கன்றுக்குச் சித்திரை, வைகாசி வெயிலில் இரண்டு நாளைக்கு ஒருமுறை சுமார் 10 லிட்டர் வேண்டும். மணற்பாங்கான மண்ணில் அதே அளவை இரண்டாகப் பிரித்துத் தினமும் கொடுப்பது நல்லது. களிமண்ணில் நாலைந்து நாளைக்கு ஒருமுறை போதும். ஆனால் இலை உதிர்ந்து பாதியாக நிற்கும் கன்று குடிப்பதும் பாதிதான். நோயாளிக் கன்றுக்கு அளவைக் குறையுங்கள், இடைவெளியை நீட்டுங்கள். மேல் ஐந்து சென்டிமீட்டர் மண் உலர்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர்.

பாத்தியை இரட்டை வட்டமாகக் கட்டுங்கள். தண்டைச் சுற்றி ஒரு சாணில் உள்வரப்பு, இலைக் கூரையின் ஓரத்துக்குச் சற்று வெளியே வெளிவரப்பு. தண்ணீர் இரண்டு வரப்புக்கும் நடுவில் மட்டும் நிற்க வேண்டும். நுனி வேர்கள் இருப்பதும் அங்கேதான்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீரில் உப்பு முழுக்கச் செறிந்திருக்கும். எலுமிச்சை உவர்ப்பைத் தாங்காத இனம், அதற்கு இதை ஊற்றவே கூடாது. வாஷிங் மெஷின் தண்ணீரும் வேண்டாம். ஏ.சி.யிலிருந்து சொட்டுவது நல்ல தண்ணீர், ஊற்றலாம். போர் தண்ணீர் கொதித்த பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விட்டால் அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்று பொருள். நாளாக நாளாக அது மண்ணைக் காரமாக்கி, இரும்பையும் துத்தநாகத்தையும் வேர் எடுக்க முடியாதபடி கட்டிவிடும். காம்பவுண்டு சுவரோரம் நட்ட கன்றுகள் மஞ்சளிப்பதற்கும் இதுவே காரணம். சுவர் பூசியபோது விழுந்த சிமெண்டும் சுண்ணாம்பும் அந்த மண்ணில்தான் கிடக்கின்றன. ஒரு பிடி உலர்ந்த மண்ணில் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு மண். திட்டமாகத் தெரிய வேண்டுமானால் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் அரைக் கிலோ மண் கொடுத்தால் கார அமில நிலையைச் சொல்லிவிடுவார்கள். எலுமிச்சைக்கு 6.5-லிருந்து 7-க்குள் இருந்தால் சிறப்பு. 8-ஐத் தாண்டினால் இலைவழித் தெளிப்பு இல்லாமல் நடக்காது.

களிமண் உருண்டை

நட்டதிலிருந்தே ஓர் இலைகூடப் புதிதாக விடாத கன்றில் சந்தேகப்பட வேண்டியது இதுதான். ஆந்திராவின் கடியம் பக்கமிருந்து லாரிகளில் வரும் கன்றுகள் பல, வேரைச் சுற்றி இறுக்கிப் பிடித்த களிமண் உருண்டையோடு வருகின்றன. பயணத்தில் உதிராமல் இருக்க அது நல்லது. அப்படியே குழியில் வைத்துச் சுற்றிலும் எரு கலந்த பொலபொல மண்ணைப் போட்டால், ஊற்றும் தண்ணீர் எளிதாகப் போகும் பக்கமெல்லாம் போய்விட்டு உருண்டைக்குள் மட்டும் போகாது. சுற்றிலும் ஈரம், நடுவில் கல். மழைக்காலத்தில் இதற்கு நேர்மாறாக உருண்டை ஊறினால் வாரக்கணக்கில் காயாது. வேர் வெளியே வராமல் அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

சோதிப்பது எளிது. தண்டிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி ஒரு நீளமான ஸ்குரூ டிரைவரைக் குத்துங்கள். வெளிமண்ணில் வழுக்கிக்கொண்டு போவது உள்ளே முட்டிக்கொண்டு நின்றால் உருண்டை அப்படியே இருக்கிறது. கன்றைப் பிடித்து மெல்ல ஆட்டினால் அடியோடு ஒரு பந்துபோல் அசையும்.

இதற்குக் கன்றை எடுத்து மறுபடி நடுவது ஒன்றே வழி. அக்னி நட்சத்திரத்தில் செய்யாதீர்கள். ஆடிக்குப் பின் மேகமூட்டமான நாளாகப் பார்த்து, மாலையில் செய்யுங்கள். அடைமழைக் காலமும் வேண்டாம்.

1. முதல் நாள் மாலை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். மறுநாள் தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி வட்டமாக, ஓர் அடி ஆழத்துக்கு வெட்டி, அடியில் மண்வெட்டியைக் கொடுத்துத் தூக்குங்கள். தண்டைப் பிடித்து இழுத்தால் இருக்கிற வேரும் அறும்.

2. உருண்டையை வாளித் தண்ணீரில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். வெளிப்புறம் மூன்று நான்கு சென்டிமீட்டர் களிமண்ணை விரலால் தேய்த்துக் கரையுங்கள். முழுக்கக் கழுவி வேரை அம்மணமாக்க வேண்டாம். நடுவில் மூன்றில் ஒரு பங்கு மண் இருக்கட்டும்.

3. வேரைப் பாருங்கள். வெண்மையோ இளமஞ்சளோ ஆக, இழுத்தால் உறுதியாக இருப்பது உயிர்வேர். பழுப்பாகி, இரண்டு விரலால் உருவினால் தோல் கழன்று நடுவில் நார் மட்டும் மிஞ்சுவது செத்தது, வெட்டிவிடுங்கள். பையின் வடிவத்தில் வட்டமாகச் சுற்றிய வேரை ஒரு பக்கம் நறுக்கி நீட்டிவிடுங்கள். அப்படியே விட்டால் நாலைந்து வருடத்தில் அதுவே மரத்தை நெரிக்கும்.

4. அழுகல் கண்டிருந்தால் லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கரைசலில் கால் மணி நேரம் முக்கி எடுங்கள். அழுகல் இல்லை என்றால் அதற்குப் பதில் லிட்டருக்கு 10 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சைப் பொடி. இரண்டும் ஒன்றாகக் கூடாது. முதலாவதில் உள்ள தாமிரம் இந்த நல்ல பூஞ்சையையும் கொன்றுவிடும்.

5. குழி முக்கால் மீட்டர் நீள அகல ஆழத்தில் இருக்கட்டும். எடுத்த மண் இரண்டு பங்கு, நன்கு மட்கிய எரு ஒரு பங்கு. குழிக்குள் வேறு தினுசு மண்ணை வாங்கிக் கொட்டினால் களிமண் நிலத்தில் அது தண்ணீர்த் தொட்டியாகிவிடும். வேர்க்கழுத்து சுற்றுத் தரைக்கு ஐந்து சென்டிமீட்டர் மேலே நிற்கும்படி வையுங்கள். மண் அமுங்கும்போது சரியாகிவிடும்.

6. வேர் குறைந்த அளவுக்கு மேலேயும் குறைக்க வேண்டும். மெலிந்த குச்சிகளையும், மொத்த இலையில் மூன்றில் ஒரு பங்கையும் எடுத்துவிடலாம். தென்மேற்கில் தென்னங்கீற்று நட்டு மூன்று வாரம் பிற்பகல் வெயிலை மறையுங்கள். நட்டதும் 10 லிட்டர் தண்ணீர், பிறகு மண் உலர்ந்து கேட்டால் மட்டும். ஆறு வாரத்துக்கு எந்த உரமும் இல்லை.

எடுத்து நட்ட முதல் இரண்டு வாரத்தில் இன்னும் கொஞ்சம் இலை உதிரும். உதிர்ந்த இடத்தில் காம்பு பச்சையாகவும் மொட்டு பருத்தும் இருந்தால் பயம் இல்லை. இலை உதிராமல் குச்சியிலேயே காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இலை சொல்வது

வேரும் தண்ணீரும் சரி என்றான பிறகு இலைக்கு வாருங்கள். எந்த இலை மஞ்சளித்தது, மேலா கீழா என்பதே முதல் கேள்வி.

நுனித் துளிர் வெளிறி, நரம்புகள் மட்டும் வலைபோல் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச் சத்துக் குறை. துளிர் இலைகள் சிறுத்து, குறுகி, நெருக்கமாகக் கொத்துபோல் நின்று, நரம்புகளுக்கு இடையே மஞ்சள் திட்டுகள் இருந்தால் துத்தநாகக் குறை. நம் ஊர்க் கார மண்ணில் இரண்டும் சேர்ந்தே வரும். முதிர்ந்த இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளித்து, காம்புப் பக்கம் மட்டும் கூம்பு வடிவில் பச்சை நின்றால் மெக்னீசியம். அடி இலைகள் முழுதாக ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்து.

இதற்கு நேர் எதிரான ஒன்று உண்டு: நரம்பு மஞ்சள், மற்ற இடமெல்லாம் பச்சை. இதைச் சத்துக் குறை என்று நினைத்துத் தெளித்துக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் இது தண்டு நெரிபட்டதற்கோ வேர் அழுகியதற்கோ அடையாளம். மறுபடி அடித்தண்டுக்குப் போங்கள்.

துத்தநாகத்துக்கு, லிட்டருக்கு 5 கிராம் ஜிங்க் சல்பேட், அதோடு இரண்டரை கிராம் நீற்றிய சுண்ணாம்பு, வடிகட்டித் தெளியுங்கள். சுண்ணாம்பு சேர்க்காவிட்டால் இளந்துளிர் கருகும். இரும்புக்கு, லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (பெரஸ் சல்பேட்), ஒரு கிராம் சிட்ரிக் அமிலம். அன்னபேதி வெளிர்பச்சைப் படிகமாக இருக்க வேண்டும். துருநிறத்துக்கு மாறியிருந்தால் பயனில்லை. சிட்ரிக் அமிலம் சேர்ப்பது கரைசல் துருவாகாமல் இருக்கத்தான், கலக்கிய உடனே தெளித்துவிடுங்கள். மெக்னீசியத்துக்கு லிட்டருக்கு 10 கிராம் எப்சம் உப்பு. மூன்றையும் ஒரே டப்பாவில் கலக்காமல் வாரம் ஒன்றாகத் தெளியுங்கள். துளிர் விரிந்து, ஆனால் தோல் தடிக்காமல் இருக்கும் பருவம்தான் ஏற்றது. முதிர்ந்த இலையில் ஏறாது. வெயில் சாய்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கமும் நனையும்படி. ஒரு கன்றுக்கு அரை லிட்டரே அதிகம். துத்தநாகத் தெளிப்பை மார்ச், ஜூலை, அக்டோபரில் துளிர் வரும்போதெல்லாம் ஒவ்வொரு முறை வழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே மஞ்சளித்த பழைய இலை பச்சையாகத் திரும்பவில்லையே என்று சோராதீர்கள். அடுத்து வரும் துளிரின் நிறத்தைத்தான் பார்க்க வேண்டும்.

முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்வார்கள். அது சுண்ணாம்புச் சத்து. சுண்ணாம்பினாலேயே திணறும் மண்ணில் அதை ஏன் போட வேண்டும்? அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றலாம், தண்ணீரின் பலன் கிடைக்கும்.

துளிரைத் தின்பவை

புது இலை வந்த இரண்டே நாளில் காணாமல் போகிறது என்றால் எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு. முட்டை கடுகளவில், இளமஞ்சளாக, துளிரில் ஒவ்வொன்றாக இருக்கும். சிறு புழு பறவை எச்சம்போல் கறுப்பும் வெள்ளையுமாகத் தெரிவதால் கண் ஏமாறும். பெரிதானதும் இலைப் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறக் கொம்பு ஒன்றை நீட்டி நாற்றம் விடும், கடிக்காது. ஒற்றைக் கன்றுக்கு மருந்தே வேண்டாம், காலையில் கையால் பொறுக்கினால் போதும். பக்கத்தில் கறிவேப்பிலையோ வில்வமோ இருந்தால் அதையும் பாருங்கள், அவையும் இதற்குத் தீனிதான்.

இலையில் வெள்ளி நிறத்தில் கோலம் போட்டதுபோல் கோடு ஓடி, இலை சுருண்டால் இலைத்துளைப்பான். புழு இலைத்தோலுக்கு அடியில் இருப்பதால் பொறுக்க முடியாது. துளிர் ஓர் அங்குலம் வரும்போதே வேப்பெண்ணெய் லிட்டருக்கு 3 மில்லி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசலோடு, வாரம் ஒருமுறை என இரண்டு மூன்று தடவை மாலையில் தெளியுங்கள். சுருண்ட இலையை எல்லாம் கிள்ளி எறிய வேண்டாம். பாதி இலையும் கன்றுக்குச் சோறு போடுகிறது.

துளைப்பான் போட்ட காயம் வழியாக நுழைவது சொறிநோய். இலையின் இருபுறமும் சொரசொரப்பான பழுப்புப் புள்ளி, சுற்றிலும் மஞ்சள் வளையம். நாட்டு எலுமிச்சைக்கு இது எளிதில் பிடிக்கும், மழைச்சாரலில் பரவும். அதிகம் தாக்கிய குச்சிகளை மழையில்லாத நாளில் வெட்டி எரித்துவிட்டு, காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் மழைக்காலத்தில் 15 நாளுக்கு ஒருமுறை தெளிக்கலாம். எறும்பு வரிசையாக ஏறினால் மேலே அசுவினியோ மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ இருக்கும். குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்து உதிர்த்துவிட்டு, மேலே சொன்ன வேப்பெண்ணெயைத் தெளியுங்கள்.

தேறியதற்குப் பிறகு உணவு

புதுத் துளிர் விட்டு, அந்த இலை தடித்துக் கரும்பச்சையானதும் உரத்தைத் தொடங்கலாம், அதற்கு முன் வேண்டாம். முதலில் 2 கிலோ மண்புழு உரமும் 250 கிராம் வேப்பம்புண்ணாக்கும் வெளிவரப்புக்குள் மேலாகத் தூவி, விரலால் கிளறி, தண்ணீர் விடுங்கள். ஒரு மாதம் கழித்து 20 கிராம் யூரியாவை 10 லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஏற்கெனவே ஈரமாக உள்ள மண்ணில் ஊற்றுங்கள். மாதம் ஒருமுறையாக மூன்று மாதம். ரசாயனம் வேண்டாதவர்கள் 100 கிராம் கடலைப்புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து இரு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றலாம்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையில் முதலாண்டு எலுமிச்சைக்கு 10 கிலோ தொழுஉரம், 200 கிராம் தழைச்சத்து, 100 கிராம் மணிச்சத்து, 100 கிராம் சாம்பல்சத்து என்று இருக்கும். 200 கிராம் தழைச்சத்து என்பது ஏறக்குறைய 435 கிராம் யூரியா. அது தோட்டத்தில் நன்றாக வளரும் கன்றுக்கு, மார்ச்சிலும் அக்டோபரிலுமாகப் பிரித்துப் போடுவது. இப்போதுதான் எழுந்த கன்றுக்கு அந்தக் கணக்கைப் போடக் கூடாது. ஒரு முழு ஆண்டு சீராகத் துளிர்த்த பிறகு மெல்ல அந்த அளவை நோக்கிப் போகலாம். டி.ஏ.பி.யை மறுபடி மறுபடி போடுவதும் வேண்டாம். மணிச்சத்து மிகுந்தால் துத்தநாகமும் இரும்பும் மேலும் கிடைக்காமல் போகும்.

மூடாக்கு போடுங்கள். காய்ந்த சருகு, தென்னை மட்டைத் தூள், எதுவானாலும் மூன்று நான்கு விரற்கடை கனம், தண்டிலிருந்து ஒரு சாண் விலகி. தண்டோடு ஒட்டினால் கறையானும் அழுகலும் வரும்.

தேறிய கன்று உடனே பூ விடும். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஆண்டுப் பிஞ்சுகளை எல்லாம் கிள்ளிவிடுங்கள். பத்துக் காயை வளர்க்கும் சக்தியில் கன்று ஓர் அடி கிளை விடும்.

எப்போது விடுவது

இலையின் நடுநரம்புக்கு இடமும் வலமும் மஞ்சள் திட்டுகள் பொருந்தாமல், ஒரு பக்கம் ஒரு விதம் மறுபக்கம் வேறு விதமாக இருந்தால் பசுமைவழிதல் என்கிற கிரீனிங் நோயைச் சந்தேகிக்கலாம். பேனாவால் ஒரு பக்கத்துத் திட்டைச் சுற்றி வட்டம் போட்டு, மறுபக்கம் அதே இடத்தில் இன்னொரு வட்டம் போடுங்கள். இரண்டுக்குள்ளும் நிறம் ஒத்துப்போனால் சத்துக் குறை. ஒத்துப்போகாவிட்டால் நோயாக இருக்கலாம். சைலா என்ற சிறு பூச்சி பரப்புவது இது. மருந்து கிடையாது. பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் இலையைக் காட்டி உறுதிசெய்துகொண்டு கன்றைப் பிடுங்கிவிட வேண்டியதுதான்.

மேலே சொன்ன எல்லாம் செய்தும் இரண்டு துளிர்ப்பருவம் கடந்து ஒரு சாண் வளர்ச்சிகூட இல்லை என்றால் புதுக்கன்று வாங்குவதே மேல். பழைய குழியில் நடாதீர்கள், குறைந்தது ஒரு மீட்டர் தள்ளிப் போங்கள். அழுகல் கிருமி அந்த மண்ணில் இருக்கும். நாற்றங்காலில் உயரமான கன்றைத் தேட வேண்டாம். பென்சில் கனத் தண்டும் பச்சைத் துளிருமாக முழங்கால் உயரம் இருந்தால் போதும். சுண்ணாம்பு மண் என்றால் ரங்பூர் எலுமிச்சை வேரில் ஒட்டியதா என்று கேளுங்கள், அது அந்த மண்ணைத் தாங்கும். ஒட்டில்லாத கன்று வாங்குவதானால் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 ரகத்தைக் கேட்டு வாங்கலாம். பணம் கொடுப்பதற்கு முன் பையை ஓரமாகக் கிழித்து வேரைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.